மாயவரம்–தரங்கம்பாடி ரயில் பாதை: பழைய ஸ்டேஷன்களைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பொறையாற்று மருமகன்:
1986-இல் நின்றுபோன கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். மாமனார் ஊருக்குப் போனபோது ஒரு ஸ்டேஷனைத் தேடிப் பிடித்தேன். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், மாடு கட்டுகிறவருக்குத் தொல்லை வேண்டாம். சுற்றிலும் கருவேலம். டிக்கெட் ஜன்னல் மட்டும் அப்படியே இருக்கிறது. அரைவட்டத் துளையின் கீழ்விளிம்பு கைகள் பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது. உள்ளே ஒருவர் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். “ஐயா, இதுதானே ஸ்டேஷன்?” என்றேன். துளை வழியாகக் கையை நீட்டி, “எந்த ஊருக்கு?” என்றார். சிரிக்கவே இல்லை. காந்தி இந்த ரயிலில்தான் தில்லையாடிக்கு வந்தாராம், அதையும் சொன்னார். கிண்டலா, நிஜமா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

ஆக்கூர்ப் பேத்தி:
எழுபதுகளில் தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு மாயவரத்தில் ஏறித் திருக்கடையூர் போனோம். கரி எஞ்சின். ஜன்னலை மூடச் சொல்லிப் பாட்டி கெஞ்சினார், தாத்தா கேட்கவில்லை. ஒரு பொறி வந்து விழுந்து புதுப் பட்டுவேட்டியில், தொடைப்பக்கம், மிளகளவு ஓட்டை. எல்லாப் போட்டோவிலும் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். அன்றைய அட்டை டிக்கெட் என்னிடம் இருக்கிறது, லேமினேட் செய்யப்போகிறேன்.

மீட்டர்கேஜ் பிரியன்:
காந்தி தில்லையாடிக்கு வந்தது 1915-இல். இந்தக் கிளைப் பாதை திறந்ததே 1926-இல். போடாத தண்டவாளத்தில் எப்படி வந்திருப்பார்? இப்படித்தான் வரலாறு கெடுகிறது.
பேத்தி அவர்களே, லேமினேட் வேண்டவே வேண்டாம். ஒட்டினால் பிரிக்க முடியாது. அமிலம் இல்லாத காகித உறையில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். செலோடேப் கூடாது. கடலோர ஈரத்துக்குச் சிலிக்கா பொட்டலம் ஒன்று உள்ளே இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். ஓரத்தில் தேதி அழுத்திய தடம் தெரியும்படி பக்கவாட்டு வெளிச்சத்திலும் ஒரு படம் எடுங்கள்.
என் அனுபவம்: செம்பனார்கோவிலில் ரயிலைத் தவறவிட்டேன். அவ்வளவுதான்.

பொறையாற்று மருமகன்:
காந்தியைச் சொன்னது அவர், நான் அல்ல. அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

மன்னம்பந்தல் வாசி:
அந்த மாட்டுக்காரர் எங்கள் சித்தப்பாவிடமும் கையை நீட்டியிருக்கிறார். சித்தப்பா மாயவரம் என்று சொல்லிப் பத்து ரூபாய் கொடுத்தார். மீதிச் சில்லறை வந்தது.