மறு: டிரெயில் பிரேக்கிங் – ‘தொடர்தடை’ சரிவராது, ‘இளகுபிடி’ பாருங்கள்

வணக்கம். மோட்டார் சைக்கிளில் வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை மெல்ல மெல்ல விடும் ‘டிரெயில் பிரேக்கிங்’ முறைக்கு நம் சொற்பட்டியலில் என்ன தமிழ்ப்பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு இது என் பதில்.

> டிரெயில் என்றால் பின்தொடர்வது. ஆகவே ‘வால்தடை’ அல்லது ‘தொடர்தடை’.

ஐயா, அகராதியை வைத்துப் பார்த்தால் இது சரி, மோட்டாரில் உட்கார்ந்து பார்த்தால் தப்பு. இங்கே டிரெயில் என்பது படிப்படியாகக் குறைந்து மறைவதைச் சொல்கிறது. வண்டி நிமிர்ந்து போகும்போதே வேண்டிய அளவு பிரேக் பிடித்துவிட வேண்டும். வளைவுக்குள் சாய்க்கத் தொடங்கும்போது பிடியைச் சட்டென்று விட்டுவிடாமல், சாய்வு கூடக் கூட விரலைத் தளர்த்திக்கொண்டே போக வேண்டும். ‘தொடர்தடை’ என்று கேட்கிற புது ஆள் வளைவு முழுக்க ஒரே அழுத்தமாகப் பிடித்துக்கொண்டிருப்பார். பிடித்தால் விழுவார்.

ஏன் என்றால், டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. ஒரே தொகைதான். பிரேக்குக்குக் கொஞ்சம், திரும்புவதற்குக் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். முழுச் சாய்வில் இருக்கும்போது சம்பளம் முழுவதும் திரும்புவதற்கே போய்விடுகிறது. அதற்குமேல் பிரேக் கேட்டால் கடன்தான், அந்தக் கடனை முழங்கை அடைக்கும். சரி, கடனே வேண்டாம் என்று பிரேக்கை ஒரேயடியாக விட்டாலோ, அமுங்கியிருந்த முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் கால்கள்) எழும்பி வண்டி வளைவுக்கு வெளிப்பக்கமாக அகன்று ஓடப் பார்க்கும். இடப்பக்கம் ஓட்டுகிற நம் மலேசியாவில், இடது வளைவில் அகன்றால் எதிரே வரும் லாரியின் தடத்தில் போய் நிற்போம்.

இதில் எனக்கு வீட்டுக் கவலையும் உண்டு. அக்காள் மகள் பி2 (மோட்டார் சைக்கிள்) உரிமம் எடுத்து மூன்று வாரம் ஆகிறது. கோலாலம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஞாயிறு காலை காலியாகக் கிடக்கும் கார் நிறுத்துமிடத்தில் அவளுக்குக் கப்சாயில் (சின்ன மோட்டார் சைக்கிளில்) பழக்குகிறேன். அவளுக்கோ பத்துமலையிலிருந்து உலு யாம் போகும் மலைப்பாதையில் ஓட்ட ஆசை. “வளைவுக்குள்ள பிரேக்கே பிடிக்கக் கூடாதுன்னு கிளாஸ்ல சொன்னாங்களே மாமா?” என்று கேட்டாள். முதல் பாடமாக அது சரியான பாடம்தான். 60 கிலோமீட்டர் வேகத்தை 30க்குக் கொண்டுவந்தால் இயக்க ஆற்றலில் முக்கால் பங்கு போய்விடும். அந்தப் பெரிய வேலை நிமிர்ந்த நிலையில் முடிந்துவிட வேண்டும். அதே வளைவை 40க்குப் பதில் 50இல் எடுத்தால், திரும்புவதற்கு வேண்டிய பிடிப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. டிரெயில் பிரேக்கிங் அதற்கப்புறம் வரும் பாடம், கடைசிக் கொஞ்சத்தை எப்படி விடுவது என்கிற பாடம்.

‘தடை’ என்ற சொல்லையே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. தமிழ்நாட்டில் ‘வேகத்தடை’ என்றால் சாலையில் இருக்கும் மேடு. நாளிதழில் ‘தடை’ என்றால் அரசாங்கம் போடுவது. நாம் வாயால் சொல்வது ‘பிரேக் பிடி’. ‘பிரேக் அடி’ என்றும் சொல்கிறோம், அதுதான் ஆபத்து. அடி அடி என்று சொல்லியே கையும் அடிக்கப் பழகிவிடுகிறது. நானே பல வருடங்களுக்கு முன்பு ஃபெடரல் ஹைவே மோட்டார் பாதையில், மழையில், முன் பிரேக்கை அடித்து விழுந்தவன். எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் அழுத்தத்தைக் கூட்டியிருந்தால், எடை முன்னே இறங்கி டயரை ரோட்டோடு அமுக்க நேரம் கிடைத்திருக்கும். ஆகவே ‘பிடி’ இருக்கட்டும்.

முதலில் ‘தேய்பிடி’ என்று வைத்தேன். தேய்பிறை மாதிரி வினைத்தொகை, எனக்கு ரொம்பப் பெருமை. செந்தூலில் நான் மோட்டாரைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் கடைக்காரரிடம் சொன்னேன். “தேஞ்ச பிரேக்கா? மாத்திடுங்க அண்ணே, வச்சிக்கிட்டு ஓட்டாதீங்க” என்றார். வினைத்தொகை முக்காலமும் காட்டும் என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது. இறந்தகாலம்தான் காலை வாரிவிட்டது.

அப்புறம் ‘தணிபிடி’. தீ தணிவதுபோல், கோபம் தணிவதுபோல். எழுத்தில் அழகாகத்தான் இருந்தது. போன ஞாயிறு அக்காள் மகள் கூம்பைச் சுற்றித் திரும்பும்போது ஓரத்தில் நின்று “தணி, தணி!” என்று கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் அது ‘தண்ணி’ என்று கேட்டிருக்கிறது. குனிந்து தரையைப் பார்த்துவிட்டாள். எங்கே பார்க்கிறோமோ அங்கேதான் வண்டி போகும், கூம்பு போச்சு.

அதனால் இப்போது ‘இளகுபிடி’. ஏவலாகக் கத்த ‘இளக்கு’ இருக்கிறது, வேறு எதுவாகவும் காதில் விழவில்லை. வெல்லம் இளகுவதுபோல் மெல்ல நடப்பது என்ற பொருளும் அதிலேயே இருக்கிறது. கத்திப்பிடி கழன்று ஆடுவதை இது நினைவூட்டலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மோட்டாரில் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

> எல்லாரும் பிரேக் என்றே சொல்கிறார்கள், எதற்கு வீண் வேலை?

பிரேக் என்ற சொல்லை நானும் விடவில்லை அம்மா, மேலே எத்தனை முறை எழுதியிருக்கிறேன் பாருங்கள். அந்தக் கருவிக்குப் பெயர் இருக்கிறது. கை செய்யும் வேலைக்குத்தான் பெயர் இல்லை.

பட்டியலில் பெயராக ‘இளகுபிடி’, வினையாக ‘பிடியை இளக்கு’ என்று சேர்க்கலாமா? பினாங்கில் தெலுக் பஹாங் – பாலிக் பூலாவ் பாதையில் ஓட்டுகிறவர்கள் யாராவது வாயில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.