செலவழிக்காத காசில் என்ன சுகம்? நாணயச் சேகரிப்பு: ஒரு விவாதம்

வெறுங்கை:
நேரடியாகவே கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். புத்தகம் சேர்ப்பவர் படிக்கிறார். இசைத்தட்டு சேர்ப்பவர் கேட்கிறார். நாணயம் சேர்ப்பவர் என்ன செய்கிறார்? உறையில் போட்டு அலமாரியில் பூட்டிவைக்கிறார். வரலாறு பிடிக்கும் என்றால், அருங்காட்சியகங்கள் தெளிவான படங்களை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாமே. எனக்கென்னவோ இது பதுக்கல் புத்திக்கு வைத்த நாகரிகமான பெயர் என்றுதான் தோன்றுகிறது.

செல்லாக்காசு:
பதுக்குபவன் எண்ணிப் பார்ப்பான், உற்றுப் பார்க்கமாட்டான். நாங்கள் செய்வதெல்லாம் உற்றுப் பார்ப்பதுதான்.

புழக்கத்தில் இருந்த ஒரு பழைய வெள்ளி நாணயத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதலில் தேய்ந்திருப்பது மேடான இடங்கள்தான்: கன்னம், காதுக்கு மேலுள்ள முடி. எழுத்துகளின் பள்ளத்தில் அழுக்கு கறுத்து அப்படியே நிற்கும். எத்தனையோ கைகளும் பைகளும் உரசி வந்த தேய்மானம் அது. ஓரத்தில் ஏன் வரி வரியாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஓரத்தைச் சுரண்டி வெள்ளியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை முழு மதிப்புக்கே தள்ளிவிடுவது ஒரு காலத்தில் பலருக்குப் பிழைப்பு. வரி இருந்தால் சுரண்டியது காட்டிக்கொடுத்துவிடும். ஐசக் நியூட்டன் 1696-இல் இங்கிலாந்தின் நாணயச்சாலைக்கு அதிகாரியாகப் போய், இந்த மாதிரி ஆட்களையும் கள்ளநாணயக்காரர்களையும் துரத்திப் பிடித்தவர். புவியீர்ப்பை விளக்கியவருக்கு அப்படியும் ஒரு வேலை!

வெறுங்கை:
சுவையான செய்திதான். ஆனால் பாருங்கள், இதை நீங்கள் எழுதி நான் படித்தே ரசித்துவிட்டேன். என்னிடம் ஒரு நாணயமும் இல்லை. என் கேள்வி அப்படியே நிற்கிறது: சொந்தமாக வைத்திருப்பது எதற்கு?

பூதக்கண்ணாடி:
படத்தில் வராத ஒன்றைச் சொல்கிறேன். அச்சு அழுத்தும்போது உலோகம் ஓரத்தை நோக்கி வழிந்து பரவும். அது விட்டுப்போகும் கோடுகள் மிக நுண்ணியவை. புழங்காத நாணயத்தை ஓரத்தில் பிடித்து, விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துச் சுழற்றினால், வெளிச்சம் ஒரு பட்டையாக அதன் முகத்தின் மேல் சுற்றிவரும். பளபளப்பாக்குகிறேன் என்று யாராவது தேய்த்திருந்தால் அந்தப் பட்டை செத்துப்போய், வெறும் மொட்டை மினுக்கம்தான் இருக்கும். இந்த வித்தியாசம் கைக்குப் பழக நாளாகும். பழகிவிட்டால் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அந்தத் தெரிதலில்தான் எனக்கு ருசி.

இன்னொன்று. 1943-இல் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அமெரிக்கா ஒரு சென்ட் நாணயத்தைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. தவறுதலாகச் சில மட்டும் பழைய செம்புத் தகட்டில் அடிபட்டு வெளியே வந்துவிட்டன. இன்று அவை பெரும் புதையல். உடனே ஏமாற்றுக்காரர்கள் சாதாரண எஃகு நாணயத்துக்குச் செம்பு முலாம் பூசி விற்கக் கிளம்பினார்கள். காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும், ஒட்டினால் உள்ளே எஃகு. படத்துக்குக் காந்தம் வைத்துப் பார்க்க முடியுமா, சொல்லுங்கள்?

கணக்கன்:
ருசி, ரசனை எல்லாம் இருக்கட்டும். பணத்தைப் பற்றி யாருமே பேசமாட்டேன் என்கிறீர்களே? 1933-இல் அமெரிக்கா அடித்த இருபது டாலர் தங்க நாணயம் 4,45,500. மக்கள் கையில் தங்க நாணயம் இருக்கக் கூடாது என்று அரசு முடிவெடுத்ததால் வெளியிடாமலே உருக்கிவிட்டார்கள். தப்பித்தவை ஒரு சில. அதில் ஒன்று 2021-இல் ஏறக்குறைய 1.89 கோடி டாலருக்கு ஏலம் போனது. இந்தக் கனவு கொஞ்சமாவது மனதின் ஓரத்தில் இல்லாமல் யாரும் பழைய காசைப் புரட்டுவதில்லை. ஒப்புக்கொண்டால் விவாதம் சீக்கிரம் முடியும்.

செல்லாக்காசு:
கணக்கரே, விலை ஏறும் என்று வாங்குபவர் வியாபாரி. அதில் தப்பில்லை, ஆனால் அது வேறு கடை. என்னிடம் இருப்பவற்றில் பாதி எடைக்குப் போட்டால்கூடத் தேறாது.

கணக்கன்:
உங்கள் வெறுப்புக்குரிய அந்த விலைதான் உங்கள் நாணயங்களைக் காப்பாற்றுகிறது, அண்ணா. 1980-இல் வெள்ளி விலை எகிறியபோது எவ்வளவு பழைய வெள்ளி நாணயங்கள் உலைக்குப் போயின என்று தெரியுமா? சேகரிப்பு மதிப்பு உலோக மதிப்பைவிடக் கூடுதலாக இருந்தவை பிழைத்தன. மற்றவை கட்டியாகிவிட்டன.

பூதக்கண்ணாடி:
இதை மறுக்க முடியவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

வெறுங்கை:
கணக்கன் ஒருவர்தான் இங்கே மனதில் உள்ளதைப் பேசுகிறார். இன்னும் ஒருபடி மேலே போகிறேன். உங்கள் ஆசையை நாணயச்சாலைகளே தயாரிக்கின்றன. அமெரிக்கா 1999 முதல் 2008 வரை ஆண்டுக்கு ஐந்து மாநிலம் என்று ஐம்பது மாநிலத்துக்கும் தனித்தனிக் கால் டாலர் வெளியிட்டது. அடிக்க ஆகும் செலவு சில சென்ட், மக்களிடம் கொடுப்பது இருபத்தைந்து சென்டுக்கு. ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு குழி வைத்த தொகுப்பு அட்டையில் ஒருவர் அதைச் செருகி வைத்துவிட்டால் அது திரும்பி வராது, அரசுக்கு அப்படியே லாபம். தொகுப்பில் காலியாக இருக்கும் குழி உங்களை உறுத்துகிறது. அந்தக் குழியை வெட்டியது யார்? நீங்களா, அவர்களா?

செல்லாக்காசு:
அவர்கள்தான். அதனால் என்ன? குறுக்கெழுத்துப் புதிரின் கட்டத்தையும் வேறொருவர்தான் போடுகிறார், நிரப்புகிற சந்தோஷம் நம்முடையது.

அதோடு, கால் டாலருக்குக் கால் டாலர்தான் கொடுத்தார்கள். சில்லறையைப் புரட்டியே முழுத் தொகுப்பும் சேர்த்தவர்கள் உண்டு. யூரோவும் அப்படித்தான். 2002-இல் புழக்கத்துக்கு வந்தபோது ஒரு பக்கம் எல்லோருக்கும் பொது, மறுபக்கம் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி. ஒரு நாட்டில் அடித்தது எல்லை தாண்டி வேறெங்கோ மிச்சச் சில்லறையாகக் கைக்கு வரும். காத்திருந்தது ஒருநாள் தானாக வந்து விழுகிறபோது உண்டாகும் துள்ளல், கடையில் முழு செட்டாக வாங்கினால் வராது. முழு செட் வாங்குகிறவர்களை எனக்கு உண்மையிலேயே புரிவதில்லை.

மண்வெட்டி:
இவ்வளவு நேரம் புதிய நாணயங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். பழங்காலத்து நாணயங்களுக்கு வாருங்கள், என் கோபம் அங்கேதான். மண்ணுக்குள் எந்த அடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான் பாதிச் செய்தி இருக்கிறது. தோண்டித் துடைத்துத் தனித்தனியாக விற்றுவிட்டால் அது போய்விட்டது, திரும்ப வராது. வாங்க ஆள் இருப்பதால்தான் இரவோடு இரவாகத் தோண்டுகிறார்கள்.

ஓர் உதாரணம். 1900-இல் பிரான்சில் ஒரு ரோமானிய நாணயம் கிடைத்தது. டொமிஷியானஸ் என்று பெயர், பேரரசருக்குரிய கிரீடம். மூன்றாம் நூற்றாண்டில் அப்படி ஒருவர் ஆண்டதாக யாரும் நம்பவில்லை, போலி என்று ஒதுக்கினார்கள். 2003-இல் இங்கிலாந்தில் சால்குரோவ் என்ற இடத்தில் ஒரு பானை கிடைத்தது. உள்ளே ஏறக்குறைய 5,000 நாணயங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாகக் கிடந்தன. பானையோடு அருங்காட்சியகத்துக்குப் போனது. ஒவ்வொன்றாகப் பிரித்தபோது அதே டொமிஷியானஸ், அதே அச்சில் அடித்த இன்னொரு நாணயம்! ஒரு நூற்றாண்டு போலி என்று கிடந்தவர் நிஜப் பேரரசராகிவிட்டார். அந்தப் பானையை யாராவது உடைத்துச் சில்லறையாக விற்றிருந்தால்?

செல்லாக்காசு:
அந்தப் பானையை எடுத்தவர் பேராசிரியர் இல்லை, நண்பரே. உலோகங்காட்டிக் கருவியோடு பொழுதுபோக்காக வயலில் திரிந்தவர்.

மண்வெட்டி:
ஆமாம், உரிய இடத்தில் ஒப்படைத்தவர். நான் கேட்பதும் அதைத்தான். எங்கிருந்து வந்தது என்று விற்பவர் சொல்லமுடியாத பழங்காசை வாங்காதீர்கள். இங்கே எத்தனை பேர் கேட்டு வாங்குகிறீர்கள்?

பூதக்கண்ணாடி:
நான் கேட்பேன். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுவேன். ஆனால் எல்லாப் பழியையும் எங்கள் தலையில் கட்டாதீர்கள். பழங்காலத்தில் இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கிரேக்க வழி அரசர்களான இந்தோ-கிரேக்கர்களில் பலரின் பெயரே நமக்கு நாணயங்களால் மட்டும்தான் தெரியும், வேறு எழுத்துச் சான்று கிடையாது. அவற்றைத் தேடி வாங்கி, படித்து, வரிசைப்படுத்தியதில் தனியாருக்கும் பங்கு உண்டு.

வெறுங்கை:
சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் பெட்டியை நாளைக்கே ஓர் அருங்காட்சியகம் வாங்கிக்கொள்கிறது. எப்போது வேண்டுமானாலும் போகலாம், கையில் எடுக்கலாம், விளக்கில் சாய்க்கலாம், காந்தம் வைக்கலாம். உங்களுக்குச் சொந்தமில்லை, அவ்வளவுதான். கொடுப்பீர்களா?

செல்லாக்காசு:
மாட்டேன். எது யாரோடு மாற்றிக்கொண்டது, எதற்கு எத்தனை நாள் காத்திருந்தேன் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். அங்கே போனால் வெறும் எண் போட்ட அட்டைதான். பதுக்கல் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை.

பூதக்கண்ணாடி:
நான் கொடுத்துவிடுவேன். அடுத்த வாரமே முதலிலிருந்து தேட ஆரம்பித்துவிடுவேன்.

கணக்கன்:
கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.