ஒழுகும் ரேடியேட்டர்: வீட்டு வாசலில் மாற்றலாமா, கராஜுக்கே கொண்டுபோவதா?

வெள்ளவத்தையான்:
என்னுடையது 2003 கொரோல்லா 121, ஓட்டோ கியர். இரண்டு வாரமாக ரிசேர்வ் போத்தலில் கூலன்ட் (எஞ்சினை ஆற்றுகிற திரவம்) மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. நேற்று காலி வீதி நெரிசலில் நின்றபோது சூடு காட்டுகிற ஊசி பாதியைத் தாண்டி ஏறியது. ஏசியை நிறுத்திவிட்டு ஓரங்கட்டினேன். ஆறிய பிறகு டோர்ச் அடித்துப் பார்த்தால், மேல் பிளாஸ்டிக் தொட்டியில், ஹோஸ் ஏறும் கழுத்துக்கு அடியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அதைச் சுற்றி இளஞ்சிவப்பாக உப்புப் பூத்ததுபோல் காய்ந்து கிடக்கிறது. பக்கத்துக் கராஜில், "புதன்கிழமை விட்டுப் போங்கள், ஒட்டிப் பார்க்கலாம்" என்றார்கள். வீடியோக்களில் இரண்டு மணி நேர வேலையாகத் தெரிகிறது. நானே செய்யட்டுமா? சைக்கிளைத் தவிர வேறொன்றையும் கழற்றிய அனுபவம் இல்லை.

பத்துநம்பர்சொக்கெட்:
தாராளமாகச் செய்யுங்கள். ஒட்டுகிற கதைக்கே போகாதீர்கள். பழைய டிஎக்ஸ் வேகன் கார் காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையும்; ஈயம் வைத்தால் பிடித்துக்கொள்ளும். உங்களுடையது அலுமினியம், மேலும் கீழும் பிளாஸ்டிக் தொட்டி, நடுவில் ரப்பர் சீல், ஓரத்தை மடித்து நெரித்திருப்பார்கள். இருபது வருடம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்தப் பிளாஸ்டிக் இப்போது பிஸ்கட். இன்றைக்கு இங்கே ஒட்டினால் நாளைக்குப் பக்கத்தில் விடும்.

வேலை இவ்வளவுதான்: எஞ்சின் நன்றாக ஆறட்டும். பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள், கை உள்ளே இருக்கும்போது ஃபேன் சுற்றக்கூடாது. கீழே பேசின் வைத்து வடித்துவிட்டு, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஃபேன் வயர், மேலே இரண்டு பிராக்கெட். கீழ்ப் பக்கம் ரப்பரில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, தூக்கினால் வந்துவிடும். ஹோஸ் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இழுக்காதீர்கள், முதலில் திருகி அசையுங்கள்.

பழைய பாஸ்:
தம்பி சொக்கெட், அவர் ஓட்டோ கியர் என்று எழுதியிருக்கிறாரே, வாசிக்கவில்லையா? அந்த ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள் கியர் ஒயிலை ஆற்றுகிற குழாய் இருக்கிறது. இரண்டு ஒயில் லைன் வந்து ஏறும். உங்கள் பட்டியலில் அவை எங்கே? அவர் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போய், மனுவல் வாகனத்து ரேடியேட்டரை மலிவாகக் கிடைத்தது என்று தூக்கி வந்தால் அந்த இரண்டு லைனையும் எதில் மாட்டுவார்? ஒயில் குறைந்தது தெரியாமல் ஓடினால் ரேடியேட்டர் காசு மிச்சம், கியர்பொக்ஸ் போச்சு.

கிரான்ட்பாஸில் முப்பது வருடம் கராஜ் வைத்திருந்தவன் நான். கழற்றுவது யாருக்கும் வரும். பூட்டிய பிறகு வருகிற வில்லங்கத்தைத்தான் எங்களிடம் கொண்டுவருவார்கள்.

பத்துநம்பர்சொக்கெட்:
ஒயில் லைனை விட்டது என் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவும் இரண்டு கிளிப்தானே ஐயா. கழற்றியவுடன் வாயை அடைத்துவிட்டால் சிந்துவது கொஞ்சம். சிந்தியதை அளந்து டைப் டி-4 ஒயில் விட்டு, சூடான எஞ்சின் ஓடும்போதே கியர் ஒயில் டிப்ஸ்டிக்கில் மட்டம் பார்த்தால் முடிந்தது.

கராஜ் என்றால் எல்லாம் சரியாக நடக்குமா? என்னுடைய பழைய காரை ஓரிடத்தில் சூடேறுகிறது என்று விட்டேன். தேர்மோஸ்டாட்டையே (எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கிற வால்வு) கழற்றி எறிந்துவிட்டு, "எங்கள் நாட்டு வெயிலுக்கு இது எதற்கு?" என்றார்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமெடுத்து, ஆறு மாதம் பெற்றோலைக் குடித்தது. இன்னொருவருக்கு மஞ்சள் தூளைப் போட்டு ஓட்டை அடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கறிச்சட்டியா அது?

பழைய பாஸ்:
தேர்மோஸ்டாட்டைக் கழற்றினவர்கள் இருக்கிறார்கள். எண்பதுகளில் நானும் கழற்றியிருக்கிறேன், மறைப்பானேன். அப்போது மாற்றுப் பொருள் கிடைக்காது, வாகனம் ஓடினால் போதும். இப்போது அப்படிச் செய்கிறவன் சோம்பேறி. அதற்காக, சைக்கிள் கழற்றினவரை வாசலில் படுக்கவைத்து, ஜக்கை மட்டும் நம்பி வாகனத்துக்கு அடியில் கையை விடச் சொல்லலாமா? தூக்கிய வாகனத்தைத் தாங்குகிற ஸ்டாண்ட் என்ற சொல்லே உங்கள் பதிவில் இல்லை.

தெஹிவளைக்காரி:
நீங்கள் இருவரும் சண்டை பிடியுங்கள், எனக்கு ஒரே கேள்வி. வடித்த கூலன்டை எங்கே ஊற்றப் போகிறார்? எங்கள் தொடர்மாடியில் ஒரு மகான் பார்க்கிங்கில் வைத்து இதே வேலையைச் செய்து, பச்சைத் தண்ணியைக் கானுக்குள் விட்டார். அது எத்திலீன் கிளைக்கோல். இனிக்கும், பூனை நாய் நக்கும், சிறுநீரகம் செத்துப்போகும். கீழ்வீட்டுப் பூனை இரண்டு நாளில் செத்தது. அதோடு நிர்வாகக் குழு, பார்க்கிங்கில் போனட் திறந்தாலே அபராதம் என்று ஒட்டிவிட்டது. வெள்ளவத்தைக் கானில் ஊற்றினால் கால்வாய்க்குப் போய் அப்படியே கடலுக்குத்தான் போகும், அண்ணா.

வெள்ளவத்தையான்:
கானுக்குள் விடமாட்டேன் அக்கா, வெறும் ஐந்து லீற்றர் கேன்கள் இரண்டு வைத்திருக்கிறேன். சேர்விஸ் ஸ்டேஷனில் எடுப்பார்களா என்று கேட்டுப் பார்க்கிறேன். எங்களுடையது தனி வீடு, ஒழுங்கைக்குள் சிமெந்து வாசல்.

இன்னொன்று: புதுக் கூலன்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணி விட்டால் என்ன? அம்மா யாழ்ப்பாணத்தில் அப்பாவின் காருக்குக் கிணற்றுத் தண்ணிதான் விடுவாராம்.

பழைய பாஸ்:
அந்தக் காரின் ரேடியேட்டரை வெட்டிப் பார்த்திருந்தால் உள்ளே கேத்திலில் படிகிற மாதிரிச் சுண்ணாம்பு இருந்திருக்கும். யாழ்ப்பாணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருகிறது. கொழும்புக் குழாய்த் தண்ணி அவ்வளவு கடினமில்லை, ஆனால் அலுமினியத்தை அரிக்காமல் காக்கிற மருந்து அதில் கிடையாது. வழியில் நின்றுவிட்டால் வீடு வந்து சேர விடுங்கள், அதோடு சரி.

பத்துநம்பர்சொக்கெட்:
இதில் பாஸ் ஐயாவோடு நூறு வீதம் ஒத்துப்போகிறேன். ரேடியேட்டர் மூடியையும் புதிதாகப் போடுங்கள். நல்ல மூடி ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே இருப்பது 100 பாகையில் கொதிக்காமல் 120 அளவு வரை தாங்குகிறது. சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் முகத்தில்தான் அடிக்கும்.

பழைய பாஸ்:
சரி, செய்வதென்றே முடிவெடுத்துவிட்டால் ஒன்றைக் கேளுங்கள். பாதிப் பேர் பிழைவிடுவது உள்ளே சிக்கிய காற்றை வெளியே எடுப்பதில். மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒரேயடியாக ஊற்றாதீர்கள். கொஞ்சம் விட்டால் "குளுக்" என்று ஒரு குமிழி வரும், மட்டம் இறங்கும், திரும்ப விடுங்கள். மேல் ஹோஸைத் துணி சுற்றிய கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். கொஞ்ச நேரம் அது குளிர்ந்தே இருக்கும், ஒரு கட்டத்தில் சட்டென்று சுடும். அப்போதுதான் தேர்மோஸ்டாட் திறந்திருக்கிறது. ஃபேன் இரண்டு தரம் சுற்றி நிற்கும்வரை பக்கத்தை விட்டு நகராதீர்கள். தேநீர் குடிக்கப் போய் வந்தவர்களின் சிலிண்டர் ஹெட் வளைந்து வந்ததை நான் கண்டிருக்கிறேன்.

வெள்ளவத்தையான் (அடுத்த வாரம்):
முடித்துவிட்டேன். இரண்டு மணி நேரமில்லை, ஞாயிறு முழுக்க. ஓட்டோவுக்கு உரிய புது ரேடியேட்டரே வாங்கினேன். கழற்றிய பழையது ஒன்றையும் கடையில் காட்டினார்கள், ஒயில் குழாய் வாயில் துரு, வேண்டாம் என்றுவிட்டேன். வடிகுழாயின் பிளாஸ்டிக் திருகு கையோடு உடைந்து வந்தது, எப்படியும் போகிற பொருள்தானே என்று கவலைப்படவில்லை. கீழ் ஹோஸ் மட்டும் அரை மணி நேரம் அழவைத்தது. ஸ்டாண்ட் பக்கத்து வீட்டில் கடன் வாங்கினேன். நேற்று அதே நெரிசலில் ஏசியோடு நின்றேன், ஊசி பாதிக்குக் கீழேயே நின்றது, அசையவில்லை.

பத்துநம்பர்சொக்கெட்:
பாருங்கள் ஐயா!

பழைய பாஸ்:
பார்த்தேன். ரிசேர்வ் போத்தலை மட்டும் நம்பவேண்டாம். காலையில் ஆறின எஞ்சினில் மூடியைத் திறந்து கழுத்துவரை நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒயில் லைன் இரண்டிலும் விரல் வைத்துப் பாருங்கள்.

வெள்ளவத்தையான்:
நேற்று ஒரு தேநீர்க் கோப்பை அளவு குறைந்திருந்தது, விட்டேன். இன்று கழுத்துவரை நிற்கிறது. ஒயில் லைனில் இடது கிளிப்பின் அடியில் மட்டும் விரலில் சிவப்பாக ஈரம் படுகிறது.

பழைய பாஸ்:
பழைய கிளிப்பையே போட்டிருக்கிறீர்கள். புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள், ஹோஸ் நுனி விறைத்துப் போயிருந்தால் அதையும் மாற்றுங்கள். அதுவரை கண்டி மலைப் பக்கம் போகவேண்டாம்.