மறு: ‘மெருகு மெழுகு’ வேண்டாம், ‘மெழுகுக்காப்பு’ என்போமா?

வணக்கம்.

மிதிவண்டிப் பராமரிப்புச் சொற்பட்டியலில், பெயின்ட் அடித்த சட்டகத்தின் மேல் இடும் மெழுகுக்கு இதுவரை மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன: மெருகு மெழுகு, பளபளப்பு மெழுகு, மெழுகுப்பூச்சு. முதல் இரண்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

> வண்டி பளபளக்கத்தானே போடுகிறோம்? ‘மெருகு’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். மெருகேற்றுவதும் மெழுகிடுவதும் எதிரெதிர் வேலைகள். மெருகேற்றும்போது நுண்ணிய உராய்பொடி மேற்படலத்தைக் கொஞ்சம் தேய்த்து எடுக்கிறது. கீறலின் விளிம்பு மழுங்குகிறது, பரப்பு சமமாகிறது, படலமும் ஒவ்வொரு முறையும் சிறிது மெலிகிறது. மெழுகோ எதையும் எடுப்பதில்லை. மேலே மெல்லிசாகப் படிந்து மழைநீர், சேறு, வியர்வை உப்பு எல்லாவற்றையும் தான் வாங்கிக்கொள்கிறது. கரைந்துபோனால் மறுபடி இடலாம். தேய்ந்துபோன பெயின்டை அப்படித் திரும்பக் கொண்டுவர முடியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தமிழ்க் குறிப்பில் ‘மெருகு மெழுகு இடவும்’ என்று படித்துவிட்டு, அந்த வேலைக்கென்றே விற்ற ஒரு புட்டியை வாங்கி, பளபளப்பில்லாத மேட் கறுப்புச் சட்டகத்தின் மேல்குழாய் முழுக்க அழுத்தித் தேய்த்தேன். உள்ளே உராய்பொடி இருந்திருக்கிறது. மேட் பரப்பு மங்கலாகத் தெரிவதே அதன் நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான். மேடு தேய்ந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக மினுங்கத் தொடங்கியது. மறுபடி பெயின்ட் அடித்தாலொழிய அது போகாது. ஒரு சொல் சரியாக இருந்திருந்தால் அந்தப் புட்டியை நான் வாங்கியிருக்கவே மாட்டேன்.

> சரி, அப்படியானால் ‘மெழுகுப்பூச்சு’ போதாதா?

மூன்றில் இதுதான் நெருங்கி வருகிறது. ஆனால் அடிப்பூச்சு, வண்ணப்பூச்சு, அவற்றின் மேல் நிறமற்ற தெளிபூச்சு என்று நம் பட்டியலில் ஏற்கெனவே மூன்று பூச்சுகள் இருக்கின்றன. இவை உலர்ந்து இறுகி, சட்டகத்தோடு ஒன்றிவிடுபவை. மெழுகு நிலையாகத் தங்காது. நாலாவது பூச்சு என்று பெயர் வைத்தால், ஒருமுறை போட்டால் போதும் என்ற நினைப்பு வந்துவிடும்.

‘காப்பு’ என்ற சொல் இதற்கென்றே காத்திருந்ததுபோல் இருக்கிறது. எண்ணெய்க்காப்பு, சந்தனக்காப்பு என்கிறோம். உருவத்தின் மேல் சாத்துகிறோம், பிறகு களைகிறோம், மறுபடி சாத்துகிறோம். அடியில் இருக்கும் உருவம் மாறுவதில்லை. பாதுகாப்பு என்ற பொருளும் கூடவே வருகிறது. ஆகவே மெழுகுக்காப்பு. வினையாக ‘மெழுகுக்காப்பிடு’ என்று நீட்ட வேண்டியதில்லை. ‘மெழுகு’ என்பதே வினையாகவும் வரும். தரையை மெழுகுவதும் மேலே ஒரு படலம் படியச் செய்வதுதானே? ‘சட்டகத்தை மெழுகு’ என்றே எழுதலாம்.

‘மெழுகுக்காப்பு’ என்பதன் நடுவில் வரும் ‘க்’ என்ற ஒற்றைப் பற்றி: ‘மெழுகு’ போன்ற உயிர்த்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வேற்றுமையில் வல்லினம் மிகாது என்பது நன்னூல் விதி. ஆனால் மெழுகுச்சிலை, மெழுகுப்பொம்மை என்று வழக்கு நிலைத்துவிட்டது. நான் வழக்கின் பக்கம்.

பெயர் இப்படிப் பிரிந்தால் மெழுகைத் தேர்ந்தெடுப்பதும் எளிதாகிறது. கார்னௌபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து கிடைப்பது. 82 முதல் 86 பாகை செல்சியஸில்தான் உருகும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகையிலேயே உருகிவிடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குக் கார்னௌபாவைச் சொல்வது இதனால்தான். தனியாக அது கடினமாகவும் நொறுங்கும்படியும் இருப்பதால், கரைப்பானும் மென்மையான மெழுகும் எண்ணெயும் சேர்த்துத்தான் துணியில் எடுக்கும் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இது மெழுகுக்காப்பு. செயற்கைப் பலபடியால் (பாலிமர்) ஆனவை பொதுவாக இன்னும் நீண்ட நாள் நிற்கும். அவற்றைப் பலபடிக்காப்பு என்போம். உராய்பொடி கலந்த மெழுகுக்குத் ‘துலக்கு மெழுகு’ என்று பெயர் வைக்கலாம். பாத்திரம் துலக்கியவர்களுக்கு அது தேய்க்கும் பொருள் என்று உடனே தெரிந்துவிடும், மேட் சட்டகத்தின் பக்கம் கொண்டுபோக மாட்டார்கள்.

சங்கிலிக்கு உருக்கி ஊற்றும் பாரஃபின் மெழுகு வேறு சங்கதி. அதன் வேலை உராய்வைக் குறைப்பது. மசகு மெழுகு என்றால் போதும்.

அப்புறம், எந்தப் பெயரை ஏற்றாலும் விளக்கத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: பிரேக் பிடிக்கும் சக்கர விளிம்பிலும் பிரேக் தட்டிலும் மெழுகு படக்கூடாது. பட்டால் பிரேக் வழுக்கும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று உண்டு. எஃகுக் குழாய்களின் உட்புறம் துருப்பிடிக்காமல் இருக்கத் தெளிக்கும் மெழுகை என்னவென்று சொல்வது? ‘உட்காப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். குழாய்க்குள் என்பது அதில் தெளிவாக வரவில்லை. யாருக்காவது இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.