கம்பத்து மேல் இருக்கிற பீங்கான்: இன்னும் மனதை உறுத்தும் அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

உப்பளத்தான்:
தூத்துக்குடியில் உப்பளங்களை ஒட்டி ஓடும் 110 கே.வி. (கிலோவோல்ட்) மின் லைன், ரோந்து பார்க்கிற வேலை. மாசி பங்குனியில் மழை கிடையாது, காற்றில் வரும் உப்பும் தூசியும் டிஸ்க் மேல், அதாவது கம்பியின் மின்சாரம் டவருக்குப் போகாமல் சரமாகத் தொங்குகிற பீங்கான் தட்டுகள் மேல், அப்பிக்கொண்டே போகும், காய்ந்து கிடக்கிற வரை அது ஒன்றும் செய்யாது, விடியற்காலைப் பனி இறங்கினால்தான் வினை. அன்றைக்கு டவர் அடியில் வண்டியை நிறுத்தும்போதே மேலே ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம். நிமிர்ந்தால் கம்பிப் பக்கத்து டிஸ்க்கின் கழுத்தில் ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம், நீளுவதும் அணைவதுமாக. அப்புறம் அடுத்த டிஸ்க்கிலும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தச் சரத்தையும் ஒரே தாவலில் வெள்ளை நெருப்பு தாண்டியது, லைன் ட்ரிப் ஆகி மின்சாரம் நின்றது. ‘மழையும் இல்லை, மின்னலும் இல்லை, பிறகெப்படி?’ என்று போனில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உப்பு ஈரமானதும் கசிவு மின்சாரம் ஓடும், அந்தச் சூட்டில் கழுத்துப் பக்கம் ஒரு வளையம் மட்டும் முதலில் காயும், மொத்த வோல்டேஜும் அந்தக் காய்ந்த வளையத்தில் விழுந்து பொறி பாயும். இது ஏட்டில் இருக்கிற விஷயம்தான். கண்ணால் பார்த்த பிறகு அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

சூளைக்காரன்:
அண்ணாச்சி சொன்னது வெளியே தெரிகிற கோளாறு. என்னை உறுத்துவது உள்ளே இருப்பது. விருத்தாசலம் பக்கம் பீங்கான் டெஸ்டிங்கில் இருந்தேன். உடைந்த துண்டுகளை ஃபியூக்சின் சாயத்தில் போட்டு, அழுத்தம் கொடுத்து, மணிக்கணக்கில் வைத்து, எடுத்து மறுபடி உடைப்போம். நல்ல பீங்கான் என்றால் சாயம் உள்ளே ஏறியிருக்கவே கூடாது. ஒரு நாள் ஒரு துண்டை உடைத்தால் நடுவரைக்கும் ரோஜா நிறம். சூளையில் ஃபெல்ட்ஸ்பார் என்கிற கல்தூள் உருகிக் களிமண்ணுக்கும் குவார்ட்ஸுக்கும் இடையே இருக்கிற இடுக்கையெல்லாம் அடைக்க வேண்டும், வேக்காடு போதாவிட்டால் நுண்துளை மிச்சமிருக்கும். அந்த லாட்டைத் தள்ளிவிட்டார்கள், சரி. ஆனால் உடைப்பதற்கு முன் அந்த டிஸ்க்கைத் தட்டிப் பார்த்தவன் நான்தான். கணீர் என்றுதான் ஒலித்தது. மேலே இருக்கிற பழுப்பு கிளேஸில், அந்தப் பளபளப்புப் பூச்சில், ஒரு கீறல் கிடையாது.

செல்வி (திருவாரூர்ப் பக்கம்):
நீங்கள் டவரைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்கள் வரப்பில் இருப்பது சாதாரண 11 கே.வி. கம்பம். அதை இழுத்துக் கட்டியிருக்கிற ஸ்டே கம்பியின் நடுவில் மேலே கசிகிற மின்சாரம் கீழே இறங்காமல் தடுக்க முட்டை வடிவத்தில் ஒரு பீங்கான் இருக்கும் இல்லையா, ஸ்டே அறுந்து மறுபடி கட்ட வந்த ஆட்கள் அதைப் போடாமல் கம்பியை நேராக முறுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஐப்பசி மழை. கம்பத்து உச்சியில் கம்பியைத் தாங்குகிற பீங்கானில் (‘பின்’ இன்சுலேட்டர் என்பார்கள்) விரிசல் விட்டிருந்தது பிறகுதான் தெரியும். பசு போய் ஸ்டே கம்பியில் கழுத்தைத் தேய்த்தது. கத்தக்கூட இல்லை, முன்னங்கால் மடிந்து அப்படியே சரிந்துவிட்டது. கன்று தாயிடம் ஓடப் பார்க்க, எங்கள் அத்தை கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து ‘தொடாதடி, தொடாதடி’ என்று கத்தினார். நான் அப்போது பசுவுக்கு ஓரடி தூரத்தில் நின்றிருந்தேன்.

குறுக்குக்கை:
உப்பளத்தான் ஐயா, கடலோரத்தில் பீங்கானே போடக்கூடாது, சிலிக்கான் ரப்பர் உறை போட்ட பாலிமர்தான் போட வேண்டும். எண்ணூர்ப் பக்கம் ஒரு துணைமின் நிலைய யார்டில் மாற்றினோம், பனிக்கால இரைச்சல் அடங்கியது. சிலிக்கான் ரப்பர் மேல் தண்ணீர் படலமாகப் பரவாது, முத்து முத்தாக நிற்கும், அவ்வளவுதான் விஷயம்.
செல்வி அக்கா, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஸ்டே கம்பியில் மாடு கட்டுவது, துணி காயப்போடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். அந்த முட்டை தரையிலிருந்து குறைந்தது 3 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், கீழேயே கட்டியிருந்தால் அதற்கு மேலே இருக்கிற கம்பி கைக்கு எட்டும், அப்புறம் முட்டை இருந்தும் பயனில்லை. இரண்டு கம்பியும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து வர வேண்டும், பீங்கான் நொறுங்கினாலும் ஸ்டே விழாது. மழை நாளில் கம்பத்தடியில் மாடு விழுந்தால் கிட்டப் போகாதீர்கள், ஈரத் தரையிலேயே மின்சாரம் பரவியிருக்கும், ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் நடுவே அடிக்கும். மின்வாரியப் புகார் மையம் மின்னகம் 94987 94987, கம்ப எண்ணோடு சொல்லுங்கள், புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

சூளைக்காரன்:
குறுக்குக்கை, பாலிமரை இப்படித் தூக்கிப் பிடிக்க வேண்டாம். உள்ளே இருப்பது கண்ணாடியிழைத் தண்டு. மேலுறை கிழிந்து ஈரம் இறங்கினால் தண்டு அரித்து ஒரு நாள் பட்டென்று முறியும், கம்பி தரைக்கு வரும். வெயிலில் ரப்பர் வெளிறிப் போவதும் உண்டு. நன்றாக வெந்த பீங்கானை வெயில் ஒன்றும் செய்யாது. தவறு பொருளில் இல்லை, வேக்காட்டிலும் சோதனையிலும்தான்.

உப்பளத்தான்:
இரண்டு பேரும் சண்டை போட வேண்டாம். எங்கள் லைனில் அடிப்பக்கம் வரிப்பள்ளம் ஆழமான டிஸ்க் மாற்றினார்கள், மோசமான கடலோரத்துக்கு ஒரு கே.வி.க்கு 31 மில்லிமீட்டர் கசிவு நீளம், அதாவது கசிவு மின்சாரம் பீங்கான் மேற்பரப்பில் ஓட வேண்டிய தூரம், என்பது கணக்கு. கோடையில் கழுவிவிடுவதும் நடந்தது. அதற்குப் பிறகு சத்தம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. எனக்குப் பீங்கானில் இருக்கிற ஒரே குறை, உள்ளுக்குள் மின்சாரம் துளைத்துப் பஞ்சர் ஆனால் வெளியே காட்டாது. கண்ணாடி டிஸ்க் என்றால் ஓடு நொறுங்கிக் கொட்டிவிடும், கீழிருந்தே எண்ணிவிடலாம். செல்வி தங்கச்சி, உங்கள் ஸ்டேயில் முட்டை போட்டார்களா, அதைச் சொல்லுங்கள்.

செல்வி:
எங்கள் கம்பத்தில் போட்டாயிற்று அண்ணே. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இரண்டு கம்பத்தில் இன்னும் நேர் கம்பிதான். எண்ணைக் குறித்து வந்துவிட்டேன், காலையில் மின்னகத்துக்குப் பேசுகிறேன்.