என் பாடக்குறிப்பு இணையத்தில் விலைக்குக் கிடக்கிறது. எடுக்க வைப்பது எப்படி?

கரும்பலகை:
கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிக்னல்ஸ் அண்டு சிஸ்டம்ஸ் என்ற பாடம் நடத்துகிறேன். ஏழு வருடமாகச் சேர்த்து எழுதிய குறிப்பு, 140 பக்கம். வகுப்புக் குழுவைத் தாண்டி எங்கும் போட்டதில்லை.

போன வாரம் ஒரு மாணவியின் அசைன்மென்ட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது கணக்கின் ஓரத்தில் "இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுவீர்கள்" என்று இருந்தது. அது நான் தயாரித்த அசைன்மென்ட் விடைத்தாளில் எழுதி வைத்திருந்த வரி. அதையும் விடாமல் பார்த்து எழுதியிருக்கிறாள்! தேடினால் ஓர் ஆவணப் பகிர்வுத் தளத்தில் என் குறிப்பு, அசைன்மென்ட் விடைகள், எல்லாம் இருக்கின்றன. முதல் மூன்று பக்கம் இலவசம், மீதிக்குச் சந்தா. என் குறிப்பை நானே படிக்கக் காசு கேட்கிறார்கள்.

எப்படி எடுக்க வைப்பது? இனி கசியாமல் எப்படித் தடுப்பது?

முதலாண்டு_ஆசிரியர்:
பி.டி.எஃப்.புக்குப் பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள் மேடம்.

நூலகர்_மதுரை:
பாஸ்வேர்டு கோப்போடு சேர்ந்தே பயணம் போகும் சார். அடுத்த செய்தியில் அதையும் அனுப்பிவிடுவார்கள். கூகுள் டிரைவில் பதிவிறக்கம், அச்சு, நகல் மூன்றையும் தடுக்க வழி இருக்கிறது. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது. சோம்பேறிகளை மட்டும் நிறுத்தும். பெரும்பாலோர் சோம்பேறிகள் என்பதால் அதற்கும் பயன் உண்டு.

இதைவிட, ஒவ்வொருவருக்கும் தரும் பிரதியில் அவரவர் பதிவெண்ணைப் பக்கத்துக்குப் பக்கம் வாட்டர்மார்க்காக இடுங்கள். அழிக்க முடியாததல்ல. ஆனால் தன் எண் தாங்கிய கோப்பைப் பதிவேற்றக் கை கொஞ்சம் தயங்கும்.

வழக்கறிஞர்_வாசகர்:
மேடம், புகார் அனுப்புவதற்கு முன் உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17(சி): வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை தருபவரே முதல் உரிமையாளர். வகுப்புக் குறிப்பு இதில் அடங்குமா என்று வாதாடலாம். ஆனால் "உரிமை என்னுடையது" என்று கையெழுத்திட்டபின் நிர்வாகம் குறுக்கே வந்தால் தர்மசங்கடம். முதல்வரிடம் இரண்டு வரி ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பதிப்புரிமை எழுதியவுடனே பிறந்துவிடும், பதிவு கட்டாயமில்லை.

தளம் அமெரிக்காவில் இருந்தால், அந்நாட்டின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி நீக்கக்கோரும் படிவம் அதிலேயே இருக்கும். பக்கத்தின் முகவரி, உங்கள் மூலக்கோப்பு, உறுதிமொழி, கையெழுத்து போதும். நம் நாட்டு விதிகளின் கீழ் எழுத்துப்பூர்வமாகப் புகார் தந்தால், அது சரியெனப் பட்டால் 36 மணி நேரத்தில் முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு காட்டாவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். ஆகவே முதல் வழியே சுலபம்.

பெயரை மறைத்துக்கொண்டு விற்பவர்களும் தப்ப முடியாது. பயிற்சி ஆசிரியர் ஒருவர் தொடுத்த வழக்கில், அவருடைய பாடங்களை அனுமதியின்றிப் பரப்பிய சேனல்களை நடத்தியவர்களின் விவரத்தைத் தரும்படி டெலிகிராமுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது.

ஓய்வுபெற்ற_பேராசிரியர்:
மாணவர்கள் தங்களுக்குள் நகலெடுத்துப் படிப்பதையும் இதையும் ஒரே தராசில் போடாதீர்கள் அம்மா. டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த நகலகத்தின் மீது 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. பாடம் நடத்தும் தேவைக்காகத் தொகுத்து நகலெடுப்பது குற்றமில்லை என்று 2016இல் தீர்ப்பு வந்தது. உங்களை உறுத்த வேண்டியது விற்பனையும் விடைத்தாளும்தான். நான் குறிப்பைத் தாராளமாக விட்டுவிடுவேன், கேள்விகளை மட்டும் ஆண்டுதோறும் மாற்றுவேன். குறிப்பைத் திருடியவனிடமிருந்து ஒன்றும் போகவில்லை. விடையைத் திருடியவன்தான் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான்.

கரும்பலகை:
ஐயா, கேள்வி மாற்றுவது சரி, செய்கிறேன். ஆனால் சந்தா வாங்குகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். 38ஆம் பக்கத்தில், இடப்பக்கச் சிக்னலின் குவிவு எல்லையில் 'சிறியது' குறி வர வேண்டிய இடத்தில் 'பெரியது' குறி போட்டிருந்தேன். குறிப்பு 2022 வகுப்புக்குப் போனபின் அதைத் திருத்திவிட்டேன். தளத்தில் இருப்பது திருத்தாத பிரதி. அந்த வகுப்புக் குழுவில் யாரையும் குற்றம் சாட்டாமல் கேட்டேன். ஒருவன் அன்று மாலையே போன் செய்தான். வேறொரு கேள்வித்தாளைப் பதிவிறக்கப் போயிருக்கிறான். ஒரு ஆவணத்தைப் பதிவேற்றினால் இலவசம் என்று தளம் சொல்லியிருக்கிறது. போனில் முதலில் இருந்தது என் குறிப்பாம். காசுக்காக இல்லை. அவனே நீக்கிவிட்டான். விடைத்தாளை வேறு யாரோ போட்டிருக்கிறார்கள். அதற்கு ஒப்புதல் கடிதம் வாங்கிப் படிவம் அனுப்பினேன். நான்காம் நாள் எடுத்துவிட்டார்கள்.

ஒரே தொல்லை: கூகுளில் தேடினால் தலைப்பும் இரண்டு வரியும் இன்னும் வருகின்றன.

நூலகர்_மதுரை:
பக்கம் போன பிறகும் பழைய வரி தெரிந்தால், காலாவதியான உள்ளடக்கத்தை நீக்க கூகுளில் தனிப் படிவம் உண்டு. முகவரியை ஒட்டி அனுப்புங்கள்.

கரும்பலகை:
அனுப்பினேன், போய்விட்டது. அதற்கு அடுத்ததாக இருந்த, பக்கத்து மாவட்டக் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் குறிப்பு இப்போது முதலிடத்தில் இருக்கிறது. அவருக்குத் தகவல் சொல்லியிருக்கிறேன்.