ஜான் ஹவ்லண்ட் வம்சாவளி: நடுவில் ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது, உதவுங்கள்

வணக்கம். என் கணவர் அமெரிக்கர். 1620இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த மேஃபிளவர் கப்பலில் வந்த ஜான் ஹவ்லண்டின் வழிவந்தவர்கள் என்று மாமியார் சொல்வார். புயலில் கடலில் விழுந்து, தொங்கிய கயிற்றைப் பிடித்துப் பிழைத்தாரே, அவர்தான். அவருக்கும் எலிசபெத் டில்லிக்கும் பத்துப் பிள்ளைகள். தொடக்கத் தலைமுறைகள் பற்றி நூல்களே இருக்கின்றன. 1850க்குப் பிறகும் சிக்கல் இல்லை. இடையில்தான் மாட்டிக்கொண்டேன். அதற்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மனைவி, மகள்கள் எல்லாம் வெறும் எண்ணிக்கை.

கையில் இருப்பது ஒரு பழைய பைபிள். முன்பக்கத்தில் ‘1811, மகள்’ என்ற வரி தெரிகிறது, பெயர் மேல் மை ஊறிவிட்டது. மாசசூசெட்ஸ் உயில்களிலும் நிலப் பத்திரங்களிலும் பெண்வழி தேடிய அனுபவம் உள்ளவர்கள், எங்கே தொடங்கலாம் என்று சொல்லுங்கள். மாமியாருக்கு 84 வயது. அவர் கையில் அந்தப் பெயரைக் கொடுத்துவிட வேண்டும்.